மூட்டு மாற்று ஆபரேஷன்: ‘லேமினார் ஃப்ளோ தியேட்டர்’ இருந்தால் போதுமா? காற்றில் வரும் கிருமி பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

“அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாத்தணும்னு டாக்டர் சொல்லிட்டார். எந்த ஆஸ்பத்திரி நல்லா இருக்கும்?” உறவினர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. பதிலாக வரும் விளம்பரங்களில் மூன்று விஷயங்கள் தவறாமல் இருக்கும். எத்தனை ஆயிரம் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள், எந்த நாட்டு செயற்கை மூட்டு, அப்புறம் ‘லேமினார் ஃப்ளோ ஆபரேஷன் தியேட்டர்’.

முதல் இரண்டும் புரிகிறது. மூன்றாவது என்ன? தியேட்டரின் கூரையிலிருந்து வரும் காற்றுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின் வரலாறே ஒரு வகையில் காற்றைச் சுத்தம் செய்த வரலாறுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேறு மாதிரி சொல்கிறது. மூட்டு மாற்று சிகிச்சையில் தொற்றைக் குறைப்பதற்காக லேமினார் ஃப்ளோ அமைப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்பது அதன் பரிந்துரை. அப்படியானால் விளம்பரத்தில் போடுவது தேவையே இல்லாத ஒன்றா? விஷயம் அவ்வளவு நேரானது இல்லை.

செயற்கை மூட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

சாதாரணமாக ஒரு காயத்தில் கொஞ்சம் கிருமி விழுந்தால் உடம்பே பார்த்துக்கொள்ளும். ரத்த வெள்ளை அணுக்கள் வந்து கதையை முடித்துவிடும். ஆனால் காயத்துக்குள் ஓர் அந்நியப் பொருள் இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது.

இதை 1957-லேயே எலெக், கோனென் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். தோலில் சீழ்க்கட்டி உண்டாக்க சாதாரணமாகப் பல லட்சம் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரே ஒரு தையல் நூல் இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமானதாக இருந்தன. ஒரு நூலுக்கே இப்படி என்றால் உள்ளங்கை அளவு உலோகமும் பிளாஸ்டிக்கும் வைத்தால்?

காரணம் எளிது. உலோகத்தில் ரத்த ஓட்டம் கிடையாது. அதன் மேல் கிருமி ஒட்டிக்கொண்டால் தன்னைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியின் உட்பக்கம் படியும் பாசி மாதிரி. மருத்துவர்கள் இதை பயோஃபிலிம் என்கிறார்கள். அந்தப் படலத்துக்குள் போன கிருமியிடம் ஆன்டிபயாட்டிக்கின் வேலை எளிதில் நடக்காது.

செயற்கை மூட்டில் ஆழமாகத் தொற்று வந்தால் மாத்திரையோடு முடிவதில்லை. மூட்டைத் திறந்து கழுவ வேண்டும். பல பேருக்கு வைத்த மூட்டையே கழற்றி எடுத்துவிட்டு, ஆன்டிபயாட்டிக் கலந்த சிமென்ட் துண்டை இடைக்காலத்துக்கு வைத்து, வாரக்கணக்கில் ஊசி போட்டு, பிறகு இன்னொரு ஆபரேஷனில் புது மூட்டு வைக்க வேண்டியிருக்கும். நடப்பதற்காக ஆபரேஷன் செய்துகொண்டவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பார். முதல் ஆபரேஷனைவிடப் பல மடங்கு செலவாகும். நூற்றில் ஒருவர், இருவருக்குத்தான் இப்படி ஆகிறது என்றாலும், அந்த ஒருவரின் குடும்பத்துக்கு அது முழுசாக நடந்த விஷயம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில கிருமிகள் அவசரப்படுவதில்லை. தோலில் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், கியூட்டிபேக்டீரியம் போன்றவை ஆபரேஷன் அன்று உள்ளே போய், பல மாதம் கழித்து “ஆபரேஷன் பண்ணியும் வலி போகலையே” என்ற வடிவத்தில் தலைகாட்டலாம்.

கிருமி காற்றில் எங்கிருந்து வருகிறது?

பலரும் நினைப்பது போல ஜன்னல் வழியாகவோ, தெருத் தூசியிலோ இல்லை. தியேட்டருக்குள் இருக்கும் மனிதர்களிடமிருந்துதான் வருகிறது.

நம் தோலின் மேலடுக்கு நாள் முழுக்க உதிர்ந்துகொண்டே இருக்கிறது. நடமாடும் ஒருவரிடமிருந்து நிமிடத்துக்குச் சுமார் 10 ஆயிரம் தோல் செதில்கள் காற்றில் கலக்கும் என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்றில் உயிருள்ள கிருமி ஒட்டியிருக்கும். குளித்துவிட்டு வந்தாலும் இது நிற்பதில்லை. சாதாரணப் பருத்தித் துணியின் இழைகளுக்கு இடையே இந்தச் செதில்கள் தாராளமாக வெளியே வந்துவிடும்.

கிருமி சுமக்கும் துகளின் சராசரி அளவு 12 மைக்ரான் அளவில் இருக்கும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் சுமார் 80-ல் ஒரு பங்கு. அசையாத காற்றில் இது நிமிடத்துக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில்தான் கீழே இறங்கும். சர்ஜனின் கழுத்தருகே உதிர்ந்த ஒரு செதில் தரைக்கு வர நான்கைந்து நிமிடம் ஆகும். அதற்குள் யாராவது குறுக்கே நடந்தால், கதவைத் திறந்தால், மறுபடி மேலே கிளம்பிவிடும்.

அது நேராகக் காயத்தில்தான் விழ வேண்டும் என்றும் இல்லை. 1982-ல் வெளியான வைட் என்பவர் தலைமையிலான ஆய்வு, சாதாரண காற்றோட்டம் உள்ள தியேட்டரில் மூட்டு மாற்றின்போது காயத்தில் சேர்ந்த கிருமிகளில் 98 சதவீதம் காற்று வழியாக வந்தவை என்று கணக்கிட்டது. அதில் சுமார் 30 சதவீதம்தான் நேரடியாக விழுந்தது. மீதி எல்லாம் முதலில் கருவிகள் மேலும், கையுறை மேலும், விரித்த துணி மேலும் படிந்து, அங்கிருந்து உள்ளே போனவை.

இதைப் படிக்கும்போது கருவித் தட்டின் நினைவு வராமல் இருக்காது. மூட்டு மாற்றுக்கு ரம்பம், சுத்தியல், அளவுப் பலகை என்று தட்டுத் தட்டாகக் கருவி திறந்து வைப்பார்கள். பார்த்தால் தச்சுப் பட்டறை மாதிரியே இருக்கும். 2008-ல் அமெரிக்க எலும்பியல் இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், கிருமி நீக்கிய 45 தட்டுகளைத் தியேட்டரில் வைத்துப் பார்த்தார்கள். திறந்து வைத்த தட்டுகளில் 4 மணி நேரத்தில் 30 சதவீதம் மாசுபட்டிருந்தன. சுத்தமான துண்டு போட்டு மூடி வைத்தவற்றில் ஒன்றுகூட மாசுபடவில்லை. ஒரு துண்டு! இதற்கு எந்த இறக்குமதி இயந்திரமும் வேண்டாம்.

கண்ணாடிக் கூண்டுக்குள் ஆபரேஷன் செய்த டாக்டர்

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ரைட்டிங்டன் என்ற மருத்துவமனை. முன்பு காசநோயாளிகள் தங்கியிருந்த இடம். அங்குதான் ஜான் சார்ன்லி என்ற எலும்பு மருத்துவர், இன்று உலகம் முழுக்க நடக்கும் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு அடித்தளம் போட்டார். தேய்மானம் குறைந்த பிளாஸ்டிக் கிண்ணத்தை அவர் பயன்படுத்தத் தொடங்கியது 1962 நவம்பரில்.

மூட்டு நன்றாக வேலை செய்தது. தொற்றுதான் விடவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் 100 பேரில் சுமார் 7 பேருக்குத் தொற்று. இந்த நிலையில் ஆபரேஷனைத் தொடர்வது நியாயமா என்று யோசிக்க வேண்டிய எண்ணிக்கை அது.

சார்ன்லியின் சந்தேகம் காற்றின் மேல் விழுந்தது. தொழிற்கூடங்களுக்குக் காற்றோட்டக் கருவிகள் செய்துகொடுத்த ஹோவர்த் நிறுவனத்தோடு சேர்ந்து, தியேட்டருக்குள்ளேயே ஒரு சின்ன கூண்டு கட்டினார். கிரீன்ஹவுஸ் என்று அதற்குப் பெயர். நோயாளியின் உடலும் அறுவைக் குழுவும் கூண்டுக்குள் இருக்கும். வடிகட்டிய காற்று மேலிருந்து கீழே தொடர்ந்து இறங்கும். அடுத்த கட்டமாக, சர்ஜன் உடம்பிலிருந்து உதிரும் செதிலும் மூச்சும் வெளியே வராதபடி, குழாய் மூலம் உள்காற்றை உறிஞ்சி எடுக்கும் முழு உடல் அங்கி வந்தது.

பத்து ஆண்டுகளில் தொற்று விகிதம் அரை சதவீதத்துக்கு அருகே இறங்கியது. சுமார் 5,800 இடுப்பு ஆபரேஷன்களின் இந்தக் கணக்கை அவர் 1972-ல் வெளியிட்டார். தடுப்பு ஆன்டிபயாட்டிக் வழக்கமாகக் கொடுக்கப்படாத காலம் அது என்பதுதான் இதில் முக்கியம். காற்று மட்டுமே காரணம் என்று அவரும் சொல்லவில்லை. அங்கி மாறியது, தையல் போடும் முறை மாறியது, கை தேர்ந்தது. எல்லாம் சேர்ந்த பலன் அது.

சார்ன்லி ஒருவரின் அனுபவம் போதாது என்பதால் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் களமிறங்கியது. பிரிட்டன், ஸ்வீடனைச் சேர்ந்த 19 மருத்துவமனைகள், 8,055 இடுப்பு, முழங்கால் ஆபரேஷன்கள். யாருக்குச் சாதாரண தியேட்டர், யாருக்கு அதிசுத்தக் காற்று தியேட்டர் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 1982-ல் முடிவு வந்தது. சாதாரண தியேட்டரில் ஆழமான தொற்று 1.5 சதவீதம். சுத்தக் காற்று தியேட்டரில் 0.6 சதவீதம்.

இந்த ஒரு ஆய்வுதான் அடுத்த கால் நூற்றாண்டுக்கு உலகம் முழுக்க எலும்பு ஆபரேஷன் தியேட்டர்களின் கூரையைத் தீர்மானித்தது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் இருந்தது. ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டவர்களிடம் தொற்று, கொடுக்கப்படாதவர்களைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். அந்த ஊசி யாருக்கு என்பது குலுக்கலில் வரவில்லை, சர்ஜன்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அதனால் இரண்டு பலன்களையும் சுத்தமாகப் பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. இன்று வரை ஓடும் சண்டைக்கு விதை அங்கேதான் விழுந்தது.

லேமினார் ஃப்ளோ எப்படி வேலை செய்கிறது?

சாதாரண தியேட்டரில் வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளி, பழைய காற்றை வெளியே எடுப்பார்கள். மணிக்கு 20 முறை காற்று மாறும். அதாவது 3 நிமிடத்துக்கு ஒரு முறை. புதுக் காற்றும் பழைய காற்றும் கலந்து கிருமியின் அடர்த்தி குறையும். ஒரு வாளி சாயத் தண்ணீரில் குழாயைத் திறந்துவிட்டால் மெதுவாக வெளுக்குமே, அப்படி.

லேமினார் ஃப்ளோவில் கலக்கும் பேச்சே இல்லை. மேஜைக்கு நேர் மேலே பெரிய சதுரமாக ஹெப்பா ஃபில்டர்கள் இருக்கும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் வடிகட்டி அது. அங்கிருந்து காற்று ஒரே சீராக, ஒரே திசையில் மெதுவாகக் கீழே இறங்கி, உதிர்ந்த செதில்களை மேஜையைவிட்டு வெளியே தள்ளிக்கொண்டு போகும். காயத்தருகே ஒரு கன மீட்டர் காற்றில் 10-க்கும் குறைவான கிருமிக் கூட்டங்கள் இருந்தால் அதை அதிசுத்தக் காற்று என்று சொல்வது பிரிட்டிஷ் வழக்கம்.

தாளில் பார்த்தால் அற்புதமான ஏற்பாடு. தியேட்டரில் என்ன ஆகிறது என்றால், கூரைக்கும் காயத்துக்கும் நடுவே பெரிய வட்ட விளக்கு தொங்குகிறது. காயத்தைப் பார்க்க சர்ஜன் குனிகிறார், உதவியாளர் எதிரே இருந்து குனிகிறார். இரண்டு தலைகள் சந்திக்கும் இடத்துக்குக் கீழேதான் காயம். மேலிருந்து சுத்தமாக வரும் காற்று அந்தத் தலைகளைக் கழுவிக்கொண்டு காயத்துக்குள் இறங்கினால்?

2008-க்குப் பிறகு கதை மாறியது ஏன்?

ஜெர்மனியின் மருத்துவமனைத் தொற்றுக் கண்காணிப்பு அமைப்பு, கிட்டத்தட்ட 1 லட்சம் ஆபரேஷன்களின் விவரத்தை 2008-ல் அலசியது. லேமினார் ஃப்ளோ இருந்த இடங்களில் தொற்று குறையவில்லை. இடுப்பு மூட்டு மாற்றில் கடுமையான தொற்று கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்தது.

அடுத்து நியூசிலாந்து. அங்கு நடக்கும் ஒவ்வொரு மூட்டு மாற்றும் தேசியப் பதிவேட்டில் ஏறும். 10 ஆண்டுகளில் நடந்த 88 ஆயிரத்துக்கும் அதிகமான இடுப்பு, முழங்கால் ஆபரேஷன்களை 2011-ல் ஆராய்ந்தார்கள். ஆறு மாதத்துக்குள் தொற்றால் மறு ஆபரேஷன் செய்ய வேண்டிய நிலை, லேமினார் ஃப்ளோ தியேட்டர்களிலும், விண்வெளி வீரர் மாதிரி ஹெல்மெட் அங்கி போட்டவர்களின் ஆபரேஷன்களிலும் குறையவில்லை, கூடியிருந்தது.

அந்த ஹெல்மெட் அங்கி விஷயத்தில் ஒரு முக்கியமான வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. சார்ன்லியின் அங்கி உள்காற்றைக் குழாயில் உறிஞ்சி வெளியேற்றியது. இப்போது புழக்கத்தில் இருப்பது தலைக்கு மேல் மின்விசிறி வைத்து உள்ளே காற்றை ஊதுகிறது. ஊதிய காற்று எங்காவது வழி கண்டுபிடித்து வெளியே வரத்தானே செய்யும்? பெயரும் தோற்றமும் ஒன்றுபோல இருந்தாலும் காற்று போகும் திசை தலைகீழ்.

இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2016-ல் ‘வேண்டாம்’ என்ற பக்கம் சாய்ந்தது. அந்தத் தொகுப்பாய்வு 2017-ல் லான்செட் குழும இதழில் வெளியானது. எலும்பு மருத்துவர்களின் சர்வதேச கருத்தொற்றுமைக் கூட்டமும் 2018-ல், லேமினார் ஃப்ளோ இல்லாத தியேட்டரிலும் மூட்டு மாற்று செய்யலாம் என்றது.

இங்கே அவசரப்பட்டு ‘லேமினார் ஃப்ளோ ஆபத்து’ என்று தலைப்பு போட்டுவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனமே தன் பரிந்துரையை நிபந்தனைக்கு உட்பட்டது என்றும், ஆதாரத்தின் தரம் குறைவு, மிகக் குறைவு என்றும் குறிப்பிட்டிருக்கிறது. பதிவேட்டு ஆய்வுகளில் நோயாளிகளைக் குலுக்கலில் பிரிக்கவில்லை. சிக்கலான, உடல்நிலை மோசமான நோயாளிகள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், பெரிய ஆஸ்பத்திரியில்தான் லேமினார் ஃப்ளோ இருக்கும். அங்கே தொற்று கூடுதலாகத் தெரிந்தால் பழி கூரைக்கா, நோய்க்கா? அந்தக் கூரையைச் சரியாகப் பராமரித்தார்களா என்ற விவரமும் பதிவேட்டில் கிடையாது. பிரிட்டன் இன்னமும் மூட்டு மாற்றுக்கு அதிசுத்தக் காற்று தியேட்டரையே விரும்புகிறது.

நோயாளி குளிர்ந்துபோவது இன்னொரு சந்தேகம். கனமான அங்கிக்குள் வேர்க்கும் சர்ஜனுக்கு ஏசி குளிராக வேண்டும். அசையாமல் படுத்திருக்கும் நோயாளியின் மேல் குளிர்ந்த காற்று மணிக்கணக்கில் இறங்கும். 1996-ல் குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 200 பேரிடம் நடந்த ஆய்வில், உடல் வெப்பம் குறைந்தவர்களில் 19 சதவீதம் பேருக்குக் காயத்தில் தொற்று வந்தது. கதகதப்பாக வைத்திருந்தவர்களில் 6 சதவீதம். அது மூட்டு ஆபரேஷன் இல்லை என்றாலும், குளிர்ந்த உடம்பு கிருமியோடு சரியாகச் சண்டை போடாது என்ற பாடம் எல்லா ஆபரேஷனுக்கும் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

சரி என்று சூடான காற்று ஊதும் போர்வை போட்டார்கள். அந்தச் சூடான காற்று தரையிலிருக்கும் கிருமியைக் கிளப்பிக் காயத்துக்குக் கொண்டுவருகிறது என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் வழக்குகள் விழுந்தன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 ஆகஸ்ட்டில் எழுதிய கடிதத்தில், அந்தக் குற்றச்சாட்டுக்குத் தொடர்ச்சியான ஆதாரம் இல்லை, போர்வையைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள் என்றது. காற்றுச் சண்டை நீதிமன்றம் வரை போன கதை இது.

கதவு: யாரும் விளம்பரம் செய்யாத விஷயம்

தியேட்டருக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்று அதிகமாக இருக்கும். கதவின் இடுக்கு வழியாகக் காற்று உள்ளிருந்து வெளியேதான் போக வேண்டும், வெளியிலிருந்து உள்ளே வரக் கூடாது என்பதற்காக. கதவு திறந்தால் இந்த ஏற்பாடு ஆட்டம் காண்கிறது.

அமெரிக்காவில் 191 மூட்டு மாற்று ஆபரேஷன்களின்போது கதவில் கருவி வைத்துக் கண்காணித்த ஆய்வு 2015-ல் வெளியானது. 77 ஆபரேஷன்களில் அழுத்தம் முழுவதுமாக இழக்கப்பட்டு, வெளிக்காற்று உள்ளே வரும் நிலை குறைந்தது ஒரு முறையாவது ஏற்பட்டிருந்தது. ஸ்வீடனில் நடந்த ஆய்வு ஒன்றும், கதவு எத்தனை முறை திறக்கிறது, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதோடு காற்றில் கிருமியின் எண்ணிக்கையும் சேர்ந்தே ஏறுவதைக் காட்டியது.

நம்ம ஊர் தியேட்டரை நினைத்துப் பார்க்கலாம். சர்ஜன், உதவியாளர்கள், மயக்க மருந்து மருத்துவர், நர்ஸ்கள். மருத்துவக் கல்லூரி என்றால் மாணவர்கள். செயற்கை மூட்டு நிறுவனத்தின் ஆள் அளவு அளவாகப் பெட்டிகளோடு நிற்பார். ‘இந்த சைஸ் சரி வரல’ என்றால் ஒருவர் வெளியே போய் வருவார். ஃபோன் வந்தால் ஒருவர் போவார். ஷிஃப்ட் மாறும். ஒவ்வொரு முறையும் கதவு, ஒவ்வொரு ஆளோடும் நிமிடத்துக்கு 10 ஆயிரம் செதில். எக்ஸ்ரேயை வைத்து முன்கூட்டியே அளவைக் கணித்து வேண்டிய பெட்டியை முதலிலேயே உள்ளே வைத்துவிட்டால் பாதி நடமாட்டம் குறையும். கோடி ரூபாய்க் கூரையை விளம்பரப்படுத்துவது போல ‘எங்கள் தியேட்டர் கதவு திறப்பதில்லை’ என்று யாரும் ஃபிளெக்ஸ் வைப்பதில்லை.

இந்தியாவில் விதிமுறை என்ன?

மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் என்.ஏ.பி.எச். அமைப்பு, மூட்டு மாற்று ஆபரேஷன் தியேட்டரை இதயம், மூளை, உறுப்பு மாற்று தியேட்டர்களோடு ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. மணிக்குக் குறைந்தது 20 முறை காற்று மாற வேண்டும், அதில் 4 முறைக்கானது புதிய வெளிக்காற்றாக இருக்க வேண்டும். ஹெப்பா வடிகட்டி வேண்டும். காற்று மேஜை மேல் மேலிருந்து கீழாக இறங்க வேண்டும்.

அதே வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்லும் இன்னொன்று: எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் ஜன்னல் ஏசியோ ஸ்பிலிட் ஏசியோ கூடாது. அவை உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிவிடும், புதுக் காற்று வராது. உள்ளே கிருமி வளரும் மூலைகளும் உண்டு. ஆபரேஷன் இல்லாத நேரத்திலும் காற்று அனுப்பும் இயந்திரத்தின் விசிறி ஓட வேண்டும். காற்றின் வேகம், வடிகட்டியில் ஓட்டை இருக்கிறதா என்பதை எல்லாம் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும். ஆனால் என்.ஏ.பி.எச். அங்கீகாரம் என்பது மருத்துவமனை தானாக விரும்பி வாங்குவது.

பல இடங்களில் இன்றும் தொடரும் பழக்கம், இரவில் ஃபார்மலின் புகை போட்டு தியேட்டரை மூடி வைப்பது. அது சுவரையும் மேஜையையும் சுத்தமாக்கலாம். காலையில் எட்டு பேர் உள்ளே வந்த கணமே காற்றின் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும். ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் பட்டியலின் முதல் பிரிவில் இருக்கிறது என்பதும் அங்கே வேலை பார்க்கும் ஊழியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. அதேபோல, ஆளில்லாத தியேட்டரில் தட்டு வைத்து எடுக்கும் ‘கல்ச்சர் ரிப்போர்ட்’ சுத்தமாக வந்தால் இயந்திரம் வேலை செய்கிறது என்று தெரியும். ஆபரேஷன் நடக்கும்போது காற்று எப்படி இருந்தது என்பதை அது சொல்லாது.

நோயாளியின் குடும்பம் என்ன கேட்கலாம்?

செயற்கை முழங்காலின் விலை ஒரு காலத்தில் யாருக்கும் புரியாத மர்மமாக இருந்தது. 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு உச்ச வரம்பு விதித்து, அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் முழங்காலுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தது. இப்போது பில்லில் அதைத் தனியாகப் பார்க்க முடிகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் மூட்டு மாற்று வருகிறது. ஆனால் தொற்று விகிதம் மட்டும் இன்னும் மூடிய கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் 2004 முதல் அரசு மருத்துவமனைகள் எலும்பு ஆபரேஷன்களின் காயத் தொற்றைக் கண்காணித்து அறிக்கை அனுப்புவது கட்டாயம். இந்தியாவில் மருத்துவமனை வாரியாக அதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூரையில் என்ன இருக்கிறது என்பது விளம்பரத்தில் கிடைக்கும். அதன் கீழே படுத்தவர்களில் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது என்பதைக் கேட்டால்தான் கிடைக்கும்.

கேட்பதில் தப்பே இல்லை. “டாக்டர், போன வருஷம் இங்க நடந்த மூட்டு மாற்றுல எத்தனை பேருக்கு இன்ஃபெக்‌ஷன் வந்தது?” என்பது நேர்மையான கேள்வி. பூஜ்யம் என்று சட்டென்று பதில் வந்தால், எத்தனை மாதம் வரை நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கிறீர்கள் என்று அடுத்ததைக் கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன அன்றோடு கணக்கை மூடினால் யாருக்கும் பூஜ்யம்தான் வரும். அமெரிக்காவின் கண்காணிப்பு முறையில் இடுப்பு, முழங்கால் மாற்றுக்கு 90 நாள் வரை பார்க்கிறார்கள்.

ஆன்டிபயாட்டிக் ஊசி கத்தி வைப்பதற்கு முன்பே போட வேண்டியது. முந்தைய 2 மணி நேரத்துக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வழக்கமாகப் போடும் செஃபசோலின் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் என்பது நடைமுறை. ஆபரேஷன் இடத்து முடியை பிளேடால் மழிக்கக் கூடாது, எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பரால் எடுக்க வேண்டும். மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் குடியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் முன்கூட்டியே களிம்பு தடவுவதும் பரிந்துரையில் இருக்கிறது. இவை எதுவும் கூரையில் இல்லை, ஆனால் ஆதாரத்தின் எடையில் கூரையைவிடக் கனமானவை. நோயாளியின் பக்கம் இருக்கும் பெரிய வேலை சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, சிகரெட்டை நிறுத்துவது, காலில் ஆறாத புண்ணோ சொத்தைப் பல்லோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வது. தேதி குறித்துவிட்டார்கள் என்பதற்காக இதை மறைத்துவிட்டுப் போய்ப் படுப்பவர்களும் உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு தையல் இடத்திலிருந்து நாட்கணக்கில் நீர் கசிந்தாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ, குறைந்திருந்த வலி மறுபடி கூடினாலோ, அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடமே முதலில் காட்ட வேண்டும். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுவிட்டுப் போனால், மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்கும்போது கிருமி சிக்காது. எந்தக் கிருமி என்று தெரியாமல் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியாது. முதல் சில வாரங்களுக்குள் கண்டுபிடித்தால், வைத்த மூட்டைக் கழற்றாமலே கழுவிக் காப்பாற்றும் வாய்ப்பு இருக்கிறது. படலம் கெட்டிப்பட்ட பிறகு அந்த வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும்.